யார்க்கில் நான்கு நாள்: அம்மாச்சியும் வைக்கிங்குகளும்

முதல் நாள்

லண்டன் கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி இரண்டு மணி நேரத்தில் வட இங்கிலாந்தின் யார்க் நகருக்கு வந்து சேர்ந்தோம். பிள்ளைகளுக்கு இந்த வாரம் ஹாஃப் டேர்ம் விடுமுறை. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் நான், பத்து வயது மகள், ஆறு வயது மகன், மூன்று மாதமாக எங்களோடு வந்து தங்கியிருக்கும் என் அம்மா என நான்கு பேர் கிளம்பினோம். அம்மாவைப் பிள்ளைகள் அம்மாச்சி என்று கூப்பிடுவார்கள். இந்தக் குறிப்புகளில் நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

யார்க்குக்கு வந்தது மகளுக்காக. பள்ளியில் அவளுக்கு வைக்கிங்குகள் பாடம் நடக்கிறது. ஆயிரம் வருடத்துக்கும் முன்னால் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கப்பலில் வந்து இங்கிலாந்தைத் தாக்கி, பிறகு இங்கேயே குடியேறியவர்கள் அவர்கள். இரண்டு மாதமாக வீட்டில் கப்பல், கோடரி, கேடயம் தவிர வேறு பேச்சு இல்லை. அதோடு, பிப்ரவரி விடுமுறையை ஒட்டித்தான் இங்கே யோர்விக் வைக்கிங் திருவிழா. குளிர்காலம் முடிவதை வைக்கிங்குகள் கொண்டாடிய நினைவாக 1985-லிருந்து நடத்துகிறார்கள். குளிர் முடிந்த மாதிரி எங்களுக்குத் தெரியவில்லை. அம்மாச்சி புடவைக்கு உள்ளே கம்பளி பேண்ட், மேலே இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேலே என் பழைய கோட், தலையில் மஃப்ளர் என்று இருந்தார்.

சாயந்திரம் கோட்டைச் சுவர் மேல் கொஞ்ச தூரம் நடந்தோம். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இன்னும் நிற்கிறது, நடக்கவும் விடுகிறார்கள். கி.பி. 71-ல் ரோமானியர்கள் இங்கே கோட்டை கட்டியபோது ஊரின் பெயர் எபோராகம். பின்னால் வந்த ஆங்கிலோ சாக்ஸன் மக்கள் அதை எயோஃபர்விக் ஆக்கினார்கள். 866-ல் ஊரைப் பிடித்த வைக்கிங்குகள் வாயில் அது யோர்விக் ஆனது. அது தேய்ந்து யார்க். மகள் இந்த நான்கு பெயரையும் வரிசையாகச் சொல்லிச் சொல்லியே சுவரில் நடந்தாள்.

இந்த ஊரில் தெருப் பெயர்கள் பெரும்பாலும் 'கேட்' என்று முடிகின்றன. ஸ்டோன்கேட், மிக்கில்கேட், குட்ரம்கேட், கொப்பர்கேட். கேட் என்றால் வாசல் என்று நினைத்து மகன் ஒவ்வொரு தெரு முனையிலும் கதவைத் தேடினான். வைக்கிங்குகள் பேசிய மொழியில் 'கடா' என்றால் தெரு. வாசலுக்கு இங்கே 'பார்' என்று பெயர். இதை விளக்கியதும் அம்மாச்சி, "அப்ப நம்ம மாசி வீதி, சித்திரை வீதி மாதிரிதான். ராசா போயிட்டாலும் வீதிப் பேரு போகல பாரு" என்றார். மதுரையில் வாழ்க்கைப்பட்டு நாற்பது வருடம் வீதிப் பெயர்களோடு இருந்தவர். அவருக்கு இது உடனே பிடிபட்டுவிட்டது.

இரண்டாம் நாள்

காலையில் யோர்விக் வைக்கிங் மையம். நேரம் குறித்து முன்பதிவு செய்திருந்தோம், அப்படியும் வரிசை இருந்தது. திருவிழா வாரத்தில் வருகிறவர்கள் முதல் நேரத்தையே பிடித்துவிடுவது நல்லது.

இந்த இடத்தின் கதையே எனக்குப் பிடித்திருந்தது. 1970-களில் கொப்பர்கேட் பகுதியில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுக் கடைவீதி கட்ட முடிவாகிறது. அதற்கு முன் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என, யார்க் தொல்லியல் அறக்கட்டளை 1976-ல் தோண்டத் தொடங்குகிறது. ஐந்து வருடம், 1981 வரை தோண்டினார்கள். வைக்கிங் கால வீடுகளும் பட்டறைகளும் வேலிகளும் வரிசையாக வெளியே வந்தன. சேகரித்த பொருட்கள் மட்டும் 40,000. தோண்டிய இடத்துக்கு மேலே கடைவீதி வந்தது, கீழே 1984-ல் இந்த மையம் திறந்தது. அதாவது, பொருள் கிடைத்த இடத்தில் நின்றுகொண்டேதான் பொருளைப் பார்க்கிறோம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடித் தரை. காலுக்கு அடியில் அகழாய்வுக் குழியை அப்படியே அமைத்து வைத்திருக்கிறார்கள். கறுத்த மரத்தூண்களும் பின்னல் வேலியும் தெரிகின்றன. மகன் முதலில் கால் வைக்கப் பயந்தான். பிறகு படுத்துக்கொண்டு கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். யாரும் எழுப்பவில்லை. ஊழியர் ஒருவர் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, எது சுவர் எது தரை என்று அவனுக்குக் காட்டினார். வைக்கிங் உடையில் இருந்தார், கழுத்தில் பாசிமணி.

மரமும் தோலும் துணியும் ஆயிரம் வருடம் மண்ணில் மக்காமல் எப்படி இருந்தன என்று மகள் கேட்டாள். ஊஸ், ஃபாஸ் என்ற இரண்டு ஆறுகள் சேரும் ஈரப் பூமி இது. சேறு இறுகி உள்ளே காற்றுப் போகாததால், பொருளை மக்க வைக்கும் கிருமிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பொருட்களைக் காப்பாற்றிக் கொடுத்தது ஈரம். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்து இதே மையத்துக்குள் புகுந்தது. பொருட்களைப் பத்திரமாக வெளியே எடுத்துவிட்டார்கள். கட்டடத்தைச் சரிசெய்து மறுபடி திறக்க 2017 ஏப்ரல் ஆனது.

அடுத்தது எல்லாரும் காத்திருக்கும் சவாரி. கூரையிலிருந்து தொங்கும் சிறு பெட்டிகளில் உட்கார்ந்து, மறுபடி கட்டிய பத்தாம் நூற்றாண்டுத் தெரு வழியாக மெதுவாகப் போகிறோம். அசையும் மனித உருவங்கள் அந்தக் காலத்து மொழியிலேயே பேசிக்கொள்கின்றன. ஒருவர் மரக்கிண்ணம் கடைகிறார், ஒருவர் மீன் விற்கிறார், ஒருவர் தட்டிக்குப் பின்னால் கக்கூஸில் உட்கார்ந்திருக்கிறார். வாசனையையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். புகை, மீன், கழிவுக்குழி எல்லாம் மூக்கில் ஏறுகிறது. முன் பெட்டியில் இருந்த பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். அம்மாச்சி மட்டும் மூச்சை நன்றாக இழுத்து, "விறகடுப்பு வாசம்டி" என்றார். லண்டன் வந்ததிலிருந்து அவர் எதையும் இப்படி வாசம் பிடித்து நான் பார்க்கவில்லை.

வெளியே வந்தால் கண்ணாடிப் பேழைகள். இரண்டு பொருளைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, கம்பளிக் காலுறை. ஒற்றை ஊசியை வைத்து முடிச்சு முடிச்சாகச் சுற்றிப் போட்ட பின்னல். நாம் இரண்டு ஊசியில் பின்னும் ஸ்வெட்டர் பின்னல் வேறு, இது வேறு. மண்ணின் பழுப்பு ஏறிக் கிடக்கிறது. யாரோ ஒருவர் பாதத்தின் வடிவம் இன்னும் அதில் இருக்கிறது. நான் அதன் முன்னால் வெகு நேரம் நின்றேன்.

இன்னொன்று மகன் வாழ்நாளில் மறக்கமாட்டான். வைக்கிங் ஒருவரின் மலம். 1972-ல் பக்கத்திலுள்ள பேவ்மென்ட் என்ற தெருவில் லாய்ட்ஸ் வங்கிக் கட்டட வேலையின்போது கிடைத்தது. கல்லாக இறுகிப்போய் 20 செ.மீ. நீளம் இருக்கிறது. அதை ஆராய்ந்து அந்த மனிதர் இறைச்சியும் ரொட்டியும் நிறையச் சாப்பிட்டார் என்றும், வயிற்றில் பூச்சி இருந்தது என்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். பூச்சியின் முட்டைகள் நூற்றுக்கணக்கில் அதற்குள் இருந்தனவாம். 2003-ல் அது கீழே விழுந்து மூன்று துண்டாகி, ஒட்டி வைத்தார்கள். "பூச்சி மருந்து குடுக்க ஆள் இல்லையா?" என்று மகன் கேட்டான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு வைக்கிங் உடைக்காரர் பத்து நிமிடம் பேசினார். கிணறும் கழிவுக்குழியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது, தண்ணீர் கெட்டது, பூச்சி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போனது, எல்லாம் சொன்னார். ஆறு வயதுப் பையனுக்குப் பொதுச் சுகாதாரத்தை இதைவிட நன்றாக யாரும் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

கொப்பர்கேட் என்றால் கிண்ணம் செய்பவர்கள் தெரு. மரக்கிண்ணம் கடையும்போது நடுவில் மிஞ்சும் கூம்புக் கட்டைகள் மண்ணில் நிறையக் கிடைத்திருக்கின்றன. தெருப் பெயர் சொன்னதை மண்ணும் சொல்லியிருக்கிறது. பார்க்க அச்சு அசல் பம்பரம். ஆணி மட்டும்தான் இல்லை.

மூன்றாம் நாள்

இன்றைக்கு நாங்கள் போன இடத்துக்கு 'டிக்' என்று பெயர். தோண்டு என்று பொருள். யோர்விக்கை நடத்துகிற அதே அறக்கட்டளை பிள்ளைகளுக்காக நடத்துவது. செயின்ட் சேவியர்ஸ் என்ற பழைய தேவாலயக் கட்டடத்துக்குள் இருக்கிறது. போகும் வழியில் விப்-மா-வாப்-மா-கேட் என்று ஒரு தெரு. யார்க்கிலேயே குட்டித் தெருவுக்கு அவ்வளவு பெரிய பெயர். பிள்ளைகள் இரண்டு பேரும் பெயர்ப் பலகைக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

யோர்விக் பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுவாக உள்ளே விடுகிறார்கள். எங்கள் குழுவுக்கு வந்த பெண் சேறு படிந்த பூட்ஸ் போட்டிருந்தார். படித்ததும் செய்ததும் தொல்லியல் வேலை என்றார். முதலில் பிள்ளைகளிடம் ஒரே கேள்வி: "ஒரு பொருள் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" எல்லாரும் "எடுப்போம்" என்று கத்தினார்கள். அவர் தலையாட்டிவிட்டு, "எடுக்கவே கூடாது. முதலில் பார்க்கணும். அது எங்கே கிடக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது. இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு" என்றார். நான் அம்மாச்சிக்குத் தமிழில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

உள்ளே நான்கு குழிகள். ரோமானியர் காலம், வைக்கிங் காலம், இடைக்காலம், விக்டோரியா காலம். யார்க்கில் உண்மையாகத் தோண்டிய இடங்களைப் பார்த்து அமைத்தவை. கையில் ஒட்டாத செயற்கை மண். பிள்ளைகளுக்குக் கொத்தனார் கரண்டி போன்ற சின்னக் கரண்டி கொடுக்கிறார்கள். குத்தக் கூடாது, படுக்கை வாட்டில் வைத்துச் சுரண்ட வேண்டும். மகன் முதல் இரண்டு நிமிடம் மண்ணை வாரி இறைத்தான். அந்தப் பெண் திட்டவில்லை. பக்கத்தில் மண்டி போட்டு, அவன் கையின் மேல் தன் கையை வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினார். மூன்றாவது இழுப்பில் ஒரு வளைவு தெரிந்தது. பானையின் விளிம்பு. அவனுக்கு மூச்சே நின்றுவிட்டது போல் இருந்தது. அதற்கப்புறம் கால்மணி நேரம் அவன் பேசவே இல்லை. வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் மூன்று நிமிடம் உட்காராத பையன்.

மகள் வைக்கிங் குழியில் இருந்தாள். அடுப்புக்கல், எலும்பு, சீப்பு கிடைத்தன. கிடைத்ததை வைத்து, இது வீட்டின் எந்த மூலை, இங்கே என்ன வேலை நடந்தது என்று அவர்களையே சொல்லச் சொல்கிறார்கள். யாரும் விடையை எடுத்துக் கொடுப்பதில்லை. தப்பாகச் சொன்னால், "எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

அடுத்த மேசைதான் இன்றைய நாளின் சிறப்பு. தட்டுத் தட்டாக, உண்மையிலேயே யார்க் மண்ணிலிருந்து வந்த பொருட்கள். எலும்புத் துண்டுகள், பானை ஓடுகள், கூரை ஓடு, சிப்பி. மாதிரிப் பொருட்கள் இல்லை, அசல். எடுத்துப் பார்த்து வகை பிரிக்க வேண்டும். "தொடலாமா?" என்று என் மகள் இரண்டு தடவை கேட்டாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பள்ளியிலிருந்து ஒரு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கண்ணாடியில் கை வைத்ததற்குக் காவலர் போட்ட அதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் இந்தத் தட்டுகளைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆயிரம் வருடப் பழைய ஓட்டுத் துண்டை ஒரு குழந்தையின் உள்ளங்கையில் தூக்கி வைக்கிற மனசு எவ்வளவு பெரிது!

அம்மாச்சி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். மகள் ஒரு எலும்பைப் புரட்டிப் புரட்டி, நாயா பன்றியா என்று படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாச்சி வாங்கி, விரலால் ஒரு தடவை தடவினார். "ஆட்டுக்கால்டா தங்கம். முன்னங்கால். இங்க பாரு, கத்தி விழுந்த தடம். வெட்டுனவன் ஆள் பழக்கமில்லாதவன், ரெண்டு தடவை போட்டிருக்கான்." எலும்பின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பெண் எலும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆடுதான், வெட்டுத் தடம்தான்" என்றவர், அடுத்த தட்டையும் அம்மாச்சி முன்னால் நகர்த்தி வைத்தார். அப்புறம் மேசையைச் சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாம் எலும்பைக் கொண்டுவந்து அம்மாச்சியிடம்தான் நீட்டின. அவர் தமிழில் சொல்ல, என் மகள் இங்கிலீஷில் சொன்னாள். மாடு, ஆடு, கோழி. ஒன்றே ஒன்றை மட்டும், "இது எனக்குத் தெரியல" என்று திருப்பிக் கொடுத்தார்.

மேசையின் இன்னொரு பக்கம் நடுவில் துளை போட்ட வட்டக் கல் ஒன்று இருந்தது. அதன் உபயோகம் என்ன என்று பிள்ளைகள் ஊகிக்க வேண்டும். சக்கரம், மணி, பட்டன் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மாச்சி அதைச் சுட்டுவிரல் நுனியில் மாட்டிச் சுற்றிவிட்டு, "தக்களிக்கு அடியில மாட்டுறது" என்றார். நூல் நூற்கும் தக்களி நின்று சுற்றுவதற்கான பாரம் அது. கீழடியிலும் தக்களி கிடைத்திருக்கிறது. அம்மாச்சி பிறந்த ஊர் திருப்புவனத்துப் பக்கம். கீழடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற தூரம்.

ராத்திரி அறைக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு அம்மாச்சி தானாகவே சொன்னார். "எங்க தோப்புல தென்னைக்குக் குழி வெட்டும்போதெல்லாம் ஓடு வரும். கருப்பும் செவப்புமா. நாங்க சில்லு செதுக்கிப் பாண்டி விளையாடுவோம். மிச்சத்தை அள்ளி வரப்போரம் கொட்டிருவாங்க எங்கய்யா." கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "எந்த எடத்துல கெடந்துச்சுன்னு இப்ப யாரு சொல்லுவா" என்றார்.

நான்காம் நாள்

காலையில் யார்க் காசில் அருங்காட்சியகம். சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மத்தியானத்தைப் பற்றி எழுத வேண்டும்.

ஜான் கிர்க் என்று ஒரு மருத்துவர். பிக்கரிங் என்ற ஊரில் வைத்தியம் பார்த்தவர். கண்முன்னால் பழைய வாழ்க்கை மறைந்துகொண்டிருக்கிறது என்று பட்டதும், வீட்டுச் சாமான், கடைச் சாமான், விளையாட்டுச் சாமான் என்று சேர்க்கத் தொடங்கினார். 1938-ல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. கட்டடம் முன்பு சிறைச்சாலை. உள்ளே கிர்க்கேட் என்று ஒரு முழு விக்டோரியா காலத் தெருவையே கட்டி வைத்திருக்கிறார்கள். கல் பாவிய தரை, குதிரை வண்டி, மிட்டாய்க் கடை, மருந்துக் கடை. ஓர் அறையில் இருந்த இஸ்திரிப் பெட்டிகளுக்கு முன்னால் அம்மாச்சி நின்றுவிட்டார். கொள்ளைக்காரன் டிக் டர்பினை 1739-ல் தூக்கிலிடும் முன் அடைத்து வைத்திருந்த சிறை அறையும் இங்கேதான் இருக்கிறது. மகன் என் கையை விடவே இல்லை.

மத்தியானம் திருவிழா முகாம். ஊர் நடுவில் துணிக் கூடாரங்கள். கொல்லர், தோல் வேலைக்காரர், சாயம் போடுகிறவர்கள். எல்லாரும் அந்தக் கால உடையில் உட்கார்ந்து நிஜமாகவே வேலை செய்கிறார்கள். கேள்வி கேட்டால் கையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறார்கள். மகளுக்கு ஒருவர் தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். அதன் பாரத்தில் அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வைக்கிங் கவசத்தில் கொம்பு கிடையாது என்று பள்ளியில் படித்ததை அவள் சொன்னதும், அந்த மனிதர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒரு கூடாரத்தில் வயதான பெண் தக்களியில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். அம்மாச்சிக்கு வயது எழுபத்திரண்டு. பள்ளியில் கைத்தொழில் வகுப்பில் தக்களி சுற்றியவர். கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்தார். நூற்ற அம்மா என்ன புரிந்துகொண்டாரோ, தக்களியை அப்படியே நீட்டினார். அம்மாச்சி என் கையில் கையுறைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

முதல் இழுப்பில் நூல் அறுந்தது. பஞ்சு மெலிதாக ஓடும். கம்பளி இழை நீளமானது, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் தடவையும் அறுந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல், கம்பளியைப் பிடிக்கும் விரல்களைக் கொஞ்சம் அகலப் பிடித்துக் காட்டினார். மூன்றாவதில் அம்மாச்சியின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து நூல் இறங்கியது. முதலில் தடியாக, பிறகு சீராக. தக்களி சுற்றிக்கொண்டே தரையைத் தொடப் போகும்போது ஏந்திப் பிடித்து, நூலைச் சுற்றி, மறுபடி விட்டார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. மகன் தரையில் உட்கார்ந்து தக்களியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முழ நூலை அந்த அம்மா அறுத்து முடிச்சுப் போட்டு அவனிடம் கொடுத்தார்.

ஐந்து மணி ரயிலில் இதை எழுதுகிறேன். மகள் நோட்டில் சதுரம் போட்டு, நூல் துண்டை அதில் ஒட்டி, கீழே இடம், தேதி, நூற்றவர் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறாள். டிக்கில் பார்த்த சீட்டு மாதிரியே. நூற்றவர் பெயருக்கு 'அம்மாச்சி' என்று போட்டவள், யோசித்துவிட்டு, "அம்மாச்சி, உங்க முழுப் பேரு எப்படி எழுதணும்?" என்று கேட்டாள்.

அம்மாச்சி போனில் இருந்தார். ஊரில் மணி ராத்திரி பத்தரைக்கு மேல். தூங்கிக்கொண்டிருந்த என் மாமாவை எழுப்பிவிட்டார். "தம்பி, நாந்தான். ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்கோம். தோப்புல குழி எதுவும் வெட்டுறியா? ஓடு கீடு வந்தா வரப்போரம் அள்ளிக் கொட்டாத. கெடந்த எடத்துலயே கெடக்கட்டும். நான் வந்து பாக்குறேன்."